நாய் தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலை நான்கு மணிக்கு, பாயசத்துக்காக வாங்கி வைத்திருந்த நூறு கிராம் கிஸ்மிஸ் பொட்டலத்தை எங்கள் மணி கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டான். மணி ஒன்பது கிலோ எடையுள்ள நாட்டு நாய். பொட்டலத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த இருபது கிராம் அளவு பழங்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சந்தேகத்துக்கு ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டபோது, “பழம்தானே, ஒன்னும் ஆகாது, கொஞ்சம் மோர் குடுங்க” என்றார். மணியும் வாலை ஆட்டிக்கொண்டு தெருவில் பந்து விளையாடினான். இரவு ஒன்பது மணிக்கு அவன் முதல் முறை வாந்தி எடுத்தான்; அதில் தண்ணீரில் ஊறியவை போல் உப்பிப்போன கிஸ்மிஸ் பழங்கள் முழுசு முழுசாகக் கிடந்தன. அந்த ஐந்து மணி நேரத்தை நாங்கள் இழந்ததற்கு விலையாக நான்கு நாள் டிரிப்ஸும், பதினைந்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான செலவும், இன்றுவரை மாதம் தவறாத ஒரு பயமும் சேர்ந்தன.

அதன் பிறகு நான் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நாய் வாங்கிய அல்லது தெருவிலிருந்து எடுத்து வந்த முதல் வாரத்திலேயே முதல் இரண்டு படிகளையும், ஐந்தாம் படியில் சொல்லும் எண்களைச் சேமிப்பதையும், ஆறாம் படியையும் முடித்துவிடுங்கள். மற்றவற்றை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டால் போதும்.

1. நாயின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நஞ்சு விஷயத்தில் எந்த மருத்துவரும் கேட்கும் முதல் கேள்வி நாயின் எடைதான். ஒரே அளவு சாக்லேட் முப்பது கிலோ லேப்ரடாருக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். மூன்று கிலோ பொமரேனியனுக்கு அதே அளவு வலிப்பு வரை கொண்டுபோகலாம். வீட்டில் மனிதர்கள் ஏறி நிற்கும் எடைக் கருவி இருந்தால், நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் ஏறி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். குட்டியாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். தடுப்பூசி அட்டையில் ஆறு மாதத்துக்கு முன் எழுதிய எடையைச் சொல்லிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

2. உங்கள் சமையலறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சமையலறைக்காக எழுதப்பட்டவை. அவற்றில் மெக்கடாமியா கொட்டை முன்வரிசையில் இருக்கும்; புளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நம் அலமாரியில் இருப்பது வேறு என்பதால், நம் வரிசையில் சொல்கிறேன்.

திராட்சை, கிஸ்மிஸ், புளி. இவை மூன்றையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திராட்சை ஏன் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நஞ்சியல் மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வெளியான மருத்துவக் கட்டுரையில், புளியையும் கேக்குக்குச் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டார் என்ற தூளையும் தின்ற நாய்களுக்கு அதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியிருந்தது. திராட்சையைவிடப் புளியின் சதையில் இந்த அமிலம் பல மடங்கு அதிகம். நூறு கிராம் புளியில் எட்டுக் கிராமுக்கு மேலேயே இருக்கும். எனவே கொட்டை எடுத்து உருட்டி வைத்த புளி, கரைத்து வைத்த கெட்டிப்புளி, புளிக்காய்ச்சல், கடையில் விற்கும் புளி மிட்டாய் ஆகியவை நாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். சிந்திய ரசத்தை ஒரு வாய் நக்கியதற்காக நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் மீந்த புளியோதரையை வீணாக்க மனமில்லாமல் தட்டோடு வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். திராட்சையில் பாதிப்பை உண்டாக்கும் அளவு பழத்துக்குப் பழமும் நாய்க்கு நாயும் மாறுகிறது. கிலோ எடைக்கு மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான கிஸ்மிஸிலேயே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஒன்பது கிலோ எடையுள்ள எங்கள் மணிக்கு அது இருபத்தைந்து கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. அவன் தின்றது அதைப் போல் மூன்று மடங்கு. கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் பழங்களும், பழக் கேக்கில் இருப்பவையும் இந்தக் கணக்கில் சேரும்.

வெங்காயம், பூண்டு. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. வதக்கினாலும் பொரித்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தின்றால் இரத்தத்தில் தெளிவான மாற்றம் தெரியும் என்பது கால்நடை மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. ஆனாலும் உடல் எடையில் இருநூற்றில் ஒரு பங்கு தாண்டினாலே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மணியின் எடைக்கு அது 45 கிராம், ஐந்தாறு சின்ன வெங்காயம். பூண்டு இதைவிடப் பல மடங்கு வீரியமானது. இங்கே உள்ள பொறி என்னவென்றால், ஒரே நாளில் தின்றால் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடுவோம். தினமும் சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் பிசைந்து போடும் வீடுகளில் பாதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருநாள் ஈறு வெளுத்துப்போய் நாய் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். “தெரு நாய்கள் எல்லாம் இதைத்தானே தின்கின்றன” என்று உங்களிடம் பத்துப் பேராவது சொல்வார்கள். இரத்தசோகையால் செத்த தெரு நாய்க்கு யாரும் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதில்லை.

சாக்லேட், கோகோ, காப்பி. இவற்றின் நஞ்சு தியோப்ரோமின், கஃபீன் ஆகிய இரண்டும். நம் உடல் விரைவாகக் கழித்துவிடும் தியோப்ரோமினில் பாதியைக் கழிப்பதற்கே நாயின் உடலுக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கிலோ எடைக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் படபடப்பும், 40 முதல் 50 மில்லிகிராமில் இதயத் துடிப்புக் கோளாறும், 60 மில்லிகிராமில் வலிப்பும் வரலாம். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் தியோப்ரோமின் இருக்கிறது. டார்க் சாக்லேட்டில் 5. இனிப்புச் சேர்க்காத கோகோ தூளில் 25-க்கும் மேல். அந்தக் கணக்கில் எங்கள் மணியின் உடலில் 80 கிராம் பால் சாக்லேட் செய்யும் வேலையை ஒரு மேசைக்கரண்டி கோகோ தூள் செய்துவிடும். எனவே தொலைபேசியில் “சாக்லேட் தின்றுவிட்டது” என்று மட்டும் சொல்லாமல், எந்த வகை என்பதையும் சொல்ல வேண்டும். டிகாக்ஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் மிஞ்சும் காப்பிச் சக்கையிலும் கஃபீன் மிச்சம் இருக்கிறது. அதை ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போடுபவர்கள் தொட்டியை நாய்க்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பற்பசைகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள், நீரிழிவுக்காரர்களுக்கான மிட்டாய், சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சேர்க்கப்படும் இனிப்பு இது. உறையில் பெயர் இல்லாமல் ஐ.என்.எஸ். 967 அல்லது ஈ 967 என்று எண் மட்டும் இருக்கலாம். நாயின் உடல் இதைக் குளுக்கோஸ் என்று நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடுகிறது. அரை மணி நேரத்தில்கூடச் சர்க்கரை அளவு சரிந்து நாய் தள்ளாடி விழலாம். கிலோ எடைக்கு 0.1 கிராம் இதற்குப் போதும்; 0.5 கிராமைத் தொட்டால் கல்லீரலும் போகலாம். இந்தப் பட்டியலில் நேரம் மிகக் குறைவாக இருப்பது இதற்குத்தான்.

மற்றவை. கருவாடு, அப்பளம், ஊறுகாய் போன்றவற்றில் உப்பு ஆபத்து. பூஞ்சை பிடித்த ரொட்டியும் வேர்க்கடலையும் நடுக்கத்தையும் கல்லீரல் பாதிப்பையும் கொண்டுவரும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவு வயிற்றுக்குள் உப்புவதோடு சாராயமாகவும் மாறும். மது எந்த அளவிலும் கூடாது. ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மெக்கடாமியா நம் வீட்டில் அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் இருந்தால் பின்னங்கால் தளர்ச்சி வரும் என்று நினைவில் வையுங்கள். வெந்த கோழி எலும்பு, மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை ஆகியவை நஞ்சல்ல, ஆனால் குடலில் குத்தியோ அடைத்தோ அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும்.

3. தின்றதைக் கண்டுபிடித்த முதல் பத்து நிமிடம்

திட்டாதீர்கள், துரத்தாதீர்கள், துரத்தினால் வாயில் மிச்சம் இருப்பதையும் விழுங்கிவிடும். நாயை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பிறகு ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: என்ன தின்றது, எத்தனை கிராம் இருக்கலாம், எத்தனை மணிக்கு, நாயின் எடை எவ்வளவு. அளவு சரியாகத் தெரியாவிட்டால் பொட்டலத்தின் மொத்த எடையிலிருந்து மிஞ்சியதைக் கழியுங்கள். சந்தேகம் இருந்தால் கூட்டியே எழுதுங்கள். நேரம் தெரியாவிட்டால், பொருளைக் கடைசியாக முழுசாகப் பார்த்த நேரத்தை எழுதுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால், மொத்த அளவையும் ஒவ்வொரு நாயும் தனியாகத் தின்றதாகவே கணக்கிடுங்கள்.

பொட்டலத்தைக் குப்பையில் போடாதீர்கள். உறையின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். நாய் ஏற்கெனவே வாந்தி எடுத்திருந்தால், துடைப்பதற்கு முன் அதையும் படம் எடுத்து, ஒரு பகுதியை மூடியுள்ள டப்பாவில் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் முதல் வாந்தியை அம்மா டெட்டால் ஊற்றிக் கழுவிவிட்டதால், எவ்வளவு பழம் வெளியே வந்தது என்பதை மருத்துவருக்கு எங்களால் சொல்ல முடியவில்லை.

நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருப்பதுதான் இதில் மிகப் பெரிய பொறி. அறிகுறி வரும் நேரம் பொருளுக்குப் பொருள் வேறு: சைலிட்டாலுக்கு அரை மணி நேரம், சாக்லேட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், திராட்சையில் வாந்தி முதல் நாளிலும் சிறுநீரகப் பாதிப்பு ஒன்று முதல் மூன்று நாளிலும், வெங்காயத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள். வயிற்றிலிருந்து நஞ்சை வெளியே எடுப்பதற்கான காலமோ பொதுவாக முதல் இரண்டு மணி நேரம்தான். கிஸ்மிஸும் சாக்லேட்டும் வயிற்றில் நெடுநேரம் தங்குவதால் அதற்குப் பின்னும் மருத்துவர்கள் முயல்வதுண்டு. ஆக, அறிகுறி வரும்போது பெரும்பாலும் அந்தக் காலம் முடிந்துபோயிருக்கும்.

4. வீட்டில் செய்யக் கூடாதவை

உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் அதுவே இரண்டாவது நஞ்சாகி மூளையைப் பாதிக்கும். கிராமத்துப் பழக்கத்தில் விஷம் குடித்தவர்களுக்குப் புளிக்கரைசலோ சாணிக்கரைசலோ ஊற்றுவார்கள். கிஸ்மிஸ் தின்ற நாய்க்குப் புளிக்கரைசல் ஊற்றுவது என்ன வேலை செய்யும் என்பதை மேலே படித்திருப்பீர்கள். சாணிக்கரைசல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பால், மோர், பச்சை முட்டை, விளக்கெண்ணெய் எதுவும் நஞ்சை முறிக்காது. தொண்டையில் விரலை விடுவதால் உங்கள் விரல்தான் கடிபடும்.

வயிற்றில் உள்ள நஞ்சை உறிஞ்சுவதற்காக மருத்துவமனையில் கொடுக்கும் கரி வேறு, அடுப்புக்கரி வேறு. அடுப்புக்கரியை அம்மியில் அரைத்து ஊட்டலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அது அந்த வேலையைச் செய்யாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று ஆங்கிலக் காணொளிகளில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 3 சதவீதக் கரைசல். நம் மருந்துக் கடைகளில் காயம் கழுவக் கொடுக்கும் புட்டியில் 20 வால்யூம் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 6 சதவீதம், அதாவது இரட்டிப்பு. சரியான கரைசலே இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியது என்பதால், மருத்துவர் அளவு சொல்லி, தொலைபேசியில் கூடவே இருந்தால் ஒழிய இதைத் தொடாதீர்கள். நாய் மயக்கமாக இருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ, எலும்பு போன்ற கூரிய பொருளை விழுங்கியிருந்தாலோ, பக் போலச் சப்பை மூக்கு இனமாக இருந்தாலோ வீட்டில் வாந்தி எடுக்க வைக்கும் எண்ணமே கூடாது.

5. தொலைபேசியில் என்ன சொல்வது

கூகுளில் முதலில் வரும் விலங்கு நஞ்சு உதவி எண்கள் அமெரிக்காவினுடையவை. ஆலோசனைக்குக் கட்டணமும் டாலரில் கேட்பார்கள். 1962 என்ற இலவச எண் கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கானது. அது முதன்மையாக ஆடு மாடுகளுக்காக ஓடுவது என்பதால் நகரத்தில் நள்ளிரவில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. எனவே மூன்று எண்களை இன்றே சேமித்து வையுங்கள்: வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் ஒரு தனியார் மருத்துவமனை, உங்களுக்கு அருகில் உள்ள அரசு அல்லது பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை. சென்னையில் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளும் அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. சேமிப்பதோடு நிறுத்தாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒருமுறை கூப்பிட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள். பலகையில் 24 மணி நேரம் என்று எழுதியிருக்கும் இடங்களில் சில, இரவில் காவலாளியோடுதான் பேச வைக்கும்.

பேசும்போது கதை சொல்லாதீர்கள். நான் இப்போது மனப்பாடமாக வைத்திருப்பது இதுதான்: “டாக்டர், நாட்டு நாய், ரெண்டரை வயசு, ஒன்பது கிலோ. எண்பது கிராம் கிஸ்மிஸ், நாலு மணிக்குத் தின்னது, இப்ப நாலு இருபது. வாந்தி இல்லை. வாந்தி எடுக்க வைக்கிற வசதி உங்ககிட்ட இப்ப இருக்கா? கிளம்பி வரலாமா?” கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிட்டால், பதில் பொதுவாக “பார்ப்போம்” என்றுதான் வரும். யாராவது “ஒன்னும் ஆகாது” என்றால், எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கிலோவுக்கு இத்தனை கிராம் என்று கணக்குச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் அடுத்த எண்ணைக் கூப்பிடுங்கள். நான் அன்று கேட்கவில்லை. டாக்டரே சொல்லிவிட்டார் என்று நிம்மதியாகப் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன்.

6. கையில் இருக்க வேண்டிய ஆவணங்களும் பொருள்களும்

ஒரு துணிப்பையில் இவற்றைப் போட்டு வாசலுக்கு அருகில் மாட்டி வையுங்கள். தடுப்பூசி அட்டை, குறிப்பாக வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதி தெரியும் பக்கம். இது இல்லாவிட்டால் சில இடங்களில் உள்நோயாளியாகச் சேர்க்கத் தயங்குவார்கள். முந்தைய இரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் அதன் நகல். சிறுநீரகப் பரிசோதனையின் எண் முன்பு எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட அது உதவும். இப்போது கொடுத்துவரும் மருந்துகளின் அட்டை. மாநகராட்சி உரிமம் எடுத்திருந்தால் அதன் நகலையும் வைக்கலாம், ஆனால் நஞ்சுச் சிகிச்சைக்கு அது யாரும் கேட்பதில்லை. இவற்றோடு வாய்க்கவசம், கழுத்துப்பட்டை, பழைய துண்டு இரண்டு, நெகிழிப் பைகள். பணம் ஐயாயிரம் ரூபாயாவது ரொக்கமாகவோ கைப்பேசிக் கணக்கிலோ இருக்கட்டும்; இரவில் முன்பணம் கட்டினால்தான் டிரிப்ஸ் ஏறும்.

வண்டி ஒரு தனிப் பிரச்சினை. நாய் என்று தெரிந்ததும் மூன்று ஆட்டோக்கள் எங்களை விட்டுவிட்டுப் போயின. வாடகைக் கார்க்காரர் ஒருவர் துண்டு விரித்தால் சரி என்றார். பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, இரவுக் கட்டணத்தையும் ஒத்துக்கொண்டு, அவர் எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதிவிடுங்கள். சைலிட்டால் தின்ற நாய் வழியில் தள்ளாடத் தொடங்கினால் ஈறில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவச் சொல்வார்கள். அதனால் ஒரு சிறு தேன் புட்டியும் பையில் இருக்கட்டும். விழுங்க முடியாத நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தடவுவதோடு சரி.

7. மருத்துவமனையில் என்ன நடக்கும், எவ்வளவு ஆகும்

நேரத்தோடு போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள், பிறகு மருத்துவக் கரியைக் கொடுப்பார்கள். சைலிட்டாலுக்குக் கரி பெரிதாக உதவாது; அதற்குக் குளுக்கோஸ் ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பார்கள். சாக்லேட்டுக்கு இதயத் துடிப்பைக் கண்காணிப்பார்கள். திராட்சைக்கும் புளிக்கும் டிரிப்ஸ்தான் முதன்மையான சிகிச்சை, பொதுவாகக் குறைந்தது 48 மணி நேரம். வெங்காயத்தின் பாதிப்பு முற்றிய நிலையில் போனால் இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். அதற்கு இரத்தம் கொடுக்க இன்னொரு ஆரோக்கியமான பெரிய நாய் தேவைப்படும் என்பதால், தெருவில் நாய் வளர்க்கும் நண்பர்களின் எண்களும் அன்று பயன்படும்.

எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரவு நேர ஆலோசனைக் கட்டணம் 800 ரூபாய். ஊசிகளும் கரியும் 900. முதல் இரவு முழு இரத்தப் பரிசோதனை 1,200, அதன் பின் நான்கு முறை சிறுநீரகப் பரிசோதனை மட்டும் 600 வீதம் 2,400. டிரிப்ஸ் நாளொன்றுக்கு 1,800 வீதம் நான்கு நாளுக்கு 7,200. போக்குவரத்து 2,100. மொத்தம் 14,600 ரூபாய். ஊரையும் இடத்தையும் பொறுத்து இது மாறும். அரசு மற்றும் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் வரிசையும் வேலை நேரமும் உண்டு. மாலை ஐந்து மணிக்கே போயிருந்தால் பழத்தில் பெரும்பகுதி வெளியே வந்திருக்கும் என்று அன்றிரவு பணியில் இருந்த மருத்துவர் சொன்னார். அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை, அதனாலேயே அதிகம் உறைத்தது.

இங்கே ஒரு பொறி உண்டு. முதல் இரவு மணியின் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவின் இரத்த அளவு, 1.1; அது சாதாரண அளவு. நான் அப்போதே வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பெரும்பகுதி போன பிறகுதான் அந்த எண் ஏறத் தொடங்கும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கி, இருக்க வைத்தார். 24 மணி நேரத்தில் அது 2.6 ஆனது, 48 மணி நேரத்தில் 3.1, மூன்றாம் நாள் 2.4, ஏழாம் நாள் 1.5. முதல் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தால் மணி இன்று இருந்திருக்க மாட்டான். ஆகவே திராட்சையோ புளியோ தின்ற நாய்க்கு, தின்ற அன்றும் 24, 48, 72 மணி நேரத்திலும் பரிசோதனை செய்யும்படி நீங்களே கேளுங்கள்.

சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதை அந்த எண்களைப் போலவே கவனிக்க வேண்டும். மணியின் படுக்கைக்கு அடியில் விரித்திருந்த உறிஞ்சு விரிப்பைச் சமையல் தராசில் வைத்து, காய்ந்த விரிப்பின் எடையைக் கழித்து, எத்தனை மில்லி என்று உதவியாளர் ஒவ்வொரு நான்கு மணி நேரத்துக்கும் சுவரில் ஒட்டிய தாளில் எழுதிக்கொண்டிருந்தார். டிரிப்ஸ் ஏறியும் சிறுநீர் வராவிட்டால் நிலைமை மோசம் என்று பொருள். டயாலிசிஸ் வசதி ஒரு சில இடங்களில் மட்டுமே இருப்பதால், அந்தப் பேச்சை மருத்துவர் எடுக்கும் வரை காத்திராமல் இரண்டாம் நாளே கேட்டு வையுங்கள்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கத்தில், கொடுத்த மருந்துகளும் கடைசிக் கிரியாட்டினின் அளவும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்; பல இடங்களில் கேட்டால்தான் எழுதுவார்கள். ஏழாம் நாள் ஒரு பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வெங்காயம் தின்ற நாயானால் ஒரு வாரம் தினமும் காலையில் வெளிச்சத்தில் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி வெளுத்தாலோ மஞ்சளடித்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றே போக வேண்டும். வலிக்கிறதோ என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ கொடுத்துவிடாதீர்கள்; அவையும் நாய்க்கு நஞ்சாகக் கூடியவை.

9. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்

நாய்க்கு ஆபத்து பெரும்பாலும் அன்பாக நீளும் கைகளிலிருந்துதான் வருகிறது. வீட்டுவேலைக்கு வரும் அக்கா, மாடி வீட்டுத் தாத்தா, விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஆகிய எல்லோருக்கும் தெரியும்படி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எடைக்குக் கீழே ஆறு சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: திராட்சை, புளி, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சூயிங்கம். நீண்ட பட்டியலை யாரும் படிப்பதில்லை. தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் நாள்களில் விருந்தினர் வரும் நேரம் மட்டும் நாயைத் தனி அறையில் விடுவது கல்மனம் ஆகாது.

“கொடுக்காதே” என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் மறைவாகக் கொடுப்பார்கள். எதைக் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட வேண்டும். வெறும் சாதம், உப்பும் மசாலாவும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த கோழி, அவித்த முட்டை, வெந்த காரட், பரங்கிக்காய், விதை எடுத்த ஆப்பிள் துண்டு, ஒத்துக்கொள்ளும் நாய்க்குத் தாளிக்காத தயிர்சாதம். எங்கள் அம்மா முதலில் “ஒரு வாய் ரசம் சாதம் போட்டா என்னடா ஆகிடும்” என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இப்போது குக்கரைத் திறந்ததும் மணியின் தட்டில் சாதத்தை எடுத்து ஆற வைத்துவிட்டுத்தான் புளியை ஊறப்போடுகிறார். கிஸ்மிஸ் டப்பா மட்டும் சுவாமி அலமாரிக்கு மேலே போய்விட்டது. அதை எடுக்க எனக்கே முக்காலி வேண்டியிருக்கிறது.